சூடேறினால் இறங்கும் பெடல்

அந்தச் சாம்பல் நிறக் கார் சாதாரணமான ஒரு காலை வேளையில்தான் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்த பெண்மணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். காலையில் வண்டி பட்டுப் போல ஓடுகிறது, இன்ஜின் சூடேறியதும் கிளட்ச் மட்டும் சரியில்லை என்றார். வழுக்குகிறதா, இழுக்கிறதா என்று மெக்கானிக் கேட்டார்.

"ரெண்டும் இல்லைங்க. பெடல் தானா இறங்குது."

மெக்கானிக் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூட்டில் குணம் மாறும் கிளட்சுகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கிளட்ச் ஆயில் குழாய் சைலன்சரை ஒட்டிப் போனால் உள்ளே ஆயில் கொதித்துக் குமிழி விடும், பெடல் தொளதொளத்துவிடும். கிளட்ச் சிலிண்டரில் ரப்பர் தேய்ந்தாலும் அப்படித்தான். அவரோடு வேலை செய்தவன் அவர் மனைவியின் தம்பி. வாய் ஓயாதவன், தெருவே அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடும். சூடானால் யார் பேச்சையும் கேட்காது என்றால் இது நம் அக்கா ரகம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அவன் ஜாக்கியை எடுக்கப் போனான்.

மெக்கானிக் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். முதலில் ஒரு குறையும் தெரியவில்லை. கியர் வெண்ணெய் போல விழுந்தது. வெப்பமுள் பாதிக்கு ஏறியபோது, அவர் காலை வைக்காமலே பெடல் கீழே போனது.

தொளதொளத்துப் போகவில்லை. யாரோ நிதானமாக மிதிப்பதைப் போலப் போனது.

ஆயிலை மாற்றினார்கள், குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினார்கள். சிலிண்டரைப் புதிதாகப் போட்டார்கள். குழாயைச் சைலன்சரிலிருந்து விலக்கிக் கட்டினார்கள். கடைசியில் கியர் பாக்ஸையே இறக்கிப் பார்த்தார்கள். கிளட்ச் பிளேட் நன்றாகவே இருந்தது, இருந்தும் அதையும் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் வண்டி குளிர்ந்திருக்கும்போது சொன்ன பேச்சைக் கேட்டது. சூடானதும் பெடல் இறங்கியது.

ஒரு நாள் மதியம் ரேடியோ சாமான் வாங்க வெளியே போயிருந்தான். மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து வைத்து, தரையில் குந்தி உட்கார்ந்து பெடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்குள் வெயில் பளீரென்று அடித்தது. சீட்டில் யாரும் இல்லை.

முள் ஏறியது.

முதலில் தைல வாசனை வந்தது. மூட்டு வலிக்குத் தேய்த்துக்கொள்கிற தைலம். பிறகு சீட்டின் பஞ்சு மெல்ல அமுங்கியது.

பெடல் தரை வரை போய் நின்றது.

அவர் கையால் அதைத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. இரும்புப் பெடல் அவர் விரல்களுக்கு அடியில் லேசாக நடுங்கியது. நெடுநேரம் ஒன்றை அழுத்திக்கொண்டே இருக்கும் கால் எப்படி நடுங்குமோ அப்படி.

இன்ஜினை அணைக்கவும் தோன்றாமல் அவர் உள் அறைக்குப் போய் அந்தப் பெண்மணிக்குப் போன் செய்தார். இந்த வண்டி இதற்கு முன் யாருடையது என்று கேட்டார்.

தன்னைவிட ரொம்ப மூத்த அண்ணனுடையது என்றார் அவர். அண்ணன் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நடுரோட்டில் வண்டியை நிறுத்தியிருக்கிறார், பிறகு கிளம்பவே இல்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்து அலுத்துப்போய் இறங்கி வந்து பார்த்தபோது உயிர் இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம், கியரும் விழுந்தே இருந்ததாம்.

கியர் விழுந்திருந்தால், கால் கிளட்சை விட்டதுமே வண்டி துள்ளி இன்ஜின் நின்றிருக்க வேண்டுமே என்றார் மெக்கானிக்.

அந்தப் பெண்மணியின் குரல் தணிந்து வந்தது. "கிளட்ச்ச விடவே இல்லைங்க. அவர் கால எடுக்கவே மூணு பேர் வேண்டியிருந்துச்சு."

போனை வைத்தபோது வெளியே கார்க் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

ரேடியோ திரும்பி வந்திருந்தான். இன்ஜின் ஓட வழியை அடைத்துக்கொண்டு நிற்கிற வண்டியை ஓரம் கட்டலாம் என்று ஏறி உட்கார்ந்துவிட்டான். மெக்கானிக் ஓடினார். கண்ணாடி வழியாக அவன் முகம் தெரிந்தது. எப்போதும் பேசிக்கொண்டிருந்த வாய் திறந்தபடி நின்றிருந்தது.

"மாமா," என்றான் மெதுவாக. "என் கால் மேல ஒரு கால் இருக்கு."

மெக்கானிக் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். பெடல் மேலே வரவில்லை. அவன் இடது கணுக்காலைப் பிடித்து இழுத்தார், முழங்காலைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அந்த அனலிலும் அவன் பாதம் மட்டும் குளிர்ந்து கிடந்தது. அதன் மேல் எதுவும் தெரியவில்லை, ஆனால் செருப்பின் வார் தசைக்குள் அழுந்திக்கொண்டே போனது. பெடலின் கம்பியை வெட்டிவிடலாம் என்று ரம்பத்தை எடுத்து வந்தார். பல் பதிந்ததும் ரேடியோ அலறினான். கம்பி தன் எலும்பு போல வலிக்கிறது என்றான்.

இன்ஜின் ஆறினால் விட்டுவிடும். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்திருந்தது.

பானெட்டைத் தூக்கிவிட்டார். மேசை விசிறியைக் கொண்டு வந்து இன்ஜினுக்கு நேராக வைத்தார். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. கொதிக்கும் இரும்பில் தண்ணீரை ஊற்ற முடியாது. பக்கத்தில் மண்டியிட்டு, மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரும்பு ஆறும் சத்தம் கேட்டது. டிக். டிக்.

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ எட்டிப் பார்த்து, ஆயில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"அழுவுறாரு மாமா," என்று முணுமுணுத்தான் ரேடியோ. "என் காதுகிட்ட."

வெயில் சாய்ந்த பிறகே பெடல் மேலே வந்தது. பாதம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்றார்கள்.

அந்தப் பெண்மணி வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். எந்திரம் அதை நசுக்கியதை மெக்கானிக் நேரில் நின்று பார்த்துவிட்டு வந்தார். ரேடியோ பழையபடி வேலைக்கு வந்தான். பேச்சு மட்டும் குறைந்துபோனது. அதற்கெல்லாம் நாள் ஆகும் என்று அவன் அக்கா சொன்னாள்.

மழை பிடித்த வாரத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மத்தியானம் அக்கா பட்டறைக்குப் போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டதும் மெக்கானிக் அப்படியே கிளம்பி வீட்டுக்கு வந்தார்.

ரேடியோ கண்ணை மூடிப் படுத்திருந்தான். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. இடது கால் விறைத்து நீண்டு, பாதம் கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தை அழுத்திக்கொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தும் முழங்கால் மடங்கவில்லை. அக்கா ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். போட்ட துணியெல்லாம் சூடேறிப்போனது.

அறையில் தைலம் மணத்தது. வீட்டில் யாரும் தைலம் வாங்குவதில்லை.

ரேடியோவின் உதடு அசைந்தது. வந்த குரல் வயதான ஒருவருடையது.

"புள்ளைங்க ரோட்டத் தாண்டிக்கிட்டு இருக்காங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மெக்கானிக் கட்டிலருகே குனிந்தார். இத்தனை வருடத்தில் மச்சானை ஒருமுறைகூட அவர் மரியாதை வைத்துக் கூப்பிட்டதில்லை.

"எல்லாரும் போயிட்டாங்க ஐயா," என்றார். "இப்பக் கால எடுத்துடுங்க."

ரேடியோவின் தலை மெல்ல இப்படியும் அப்படியும் அசைந்தது.

"இல்லப்பா. வந்துக்கிட்டேதான் இருக்காங்க."

கட்டில் சட்டம் விரிசல் விடத் தொடங்கியது.