ஆடி 28-ம் தேதிக் கடிதம்

அய்யம்பெருமாள் காலை பத்து மணிக்குத் தன் நாற்காலியில் இருந்தார்.

முப்பத்தொரு வருஷப் பழக்கம்.

ஆனால் இன்று... செத்துப்போய் இருந்தார்!

தலை மேஜை மேல் சாய்ந்திருந்தது. வாயோரம் காய்ந்த நுரை. பக்கத்தில் ஒரு பித்தளைத் தம்ளர் கவிழ்ந்து கிடந்தது.

இரணியல் வைத்தியர் சங்கத்துக்கு அவர் ஒருவர்தான் குமாஸ்தா. அந்தச் சங்கத்தில் நிஜமாக வேலை பார்த்த ஒரே ஆளும் அவர்தான்.

அந்தத் தம்ளரை எடுக்க ஒரு கை நீண்டது. மூன்று மோதிரம் போட்ட கை.

"சார்..."

கை சட்டென்று பின்வாங்கியது.

கைக்குச் சொந்தக்காரர் கிருஷ்ணமணி. சங்கச் செயலாளர். தோளில் சரிகைக் கரை நேரியல், சந்தனப் பொட்டு, பெயருக்கு முன்னால் நாலு பட்டம். நாலும் சங்கம் கொடுத்தது. கொடுத்த பத்திரத்தில் சங்கத்துக்காகக் கையெழுத்துப் போட்டவர்... அவரேதான்!

வாசலில் குளோரி நின்றாள். கடியபட்டணத்திலிருந்து மீன் சுமந்து வருகிறவள். தலையில் காலி ஓலைக் கடவம்.

"யாருட்ட கேட்டு ஏட்டி உள்ள வந்த?"

"நகலு கேட்டு வந்தேன் சார். இதோட பன்னெண்டு தடவ ஆச்சு."

"இங்க ஒரு சாவு நடந்து கெடக்கு. நகலாம் நகலு!"

குளோரி அப்போதுதான் மேஜையைப் பார்த்தாள். கடவம் கீழே விழுந்து உருண்டது.

"எனக்க மாதாவே... நேத்து மூணு மணிக்கு எங்கிட்ட நல்லாப் பேசினாவளே..."

"மாரடைப்பு" என்றார் கிருஷ்ணமணி. பிணத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நானே சர்டிபிகேட் எழுதிருவேன். ஒண்டிக்கட்ட. கேக்க ஆளில்ல. மத்தியானத்துக்குள்ள எரிச்சிரலாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் குளோரிக்கு இடித்தது.

இதே மனிதர், இதே குரலில், இதே அவசரத்தை ஆறு மாசத்துக்கு முன்னால் அவளிடமும் காட்டினார். அன்றைக்குப் பிணம் அவளுடைய புருஷன் சிலுவைதாசன்.

குளோரி கடவத்தை எடுக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினாள்!

* * *

சிலுவைதாசனுக்கு இழுப்பு. கட்டுமரத்தில் போய் வந்தால் மூச்சு வாங்கும். கிருஷ்ணமணியிடம் போனான். ஒரு பொடி கொடுத்தார். பாஷாணம் சேர்த்த பொடி. மூன்றே வேளை. நாலாவது வேளைக்கு ஆள் இல்லை.

"கள்ளக் குடிச்சுட்டு மருந்தக் குடிச்சான், செத்தான்" என்று எழுதிவிட்டார் வைத்தியர்.

சிலுவைதாசன் கள் தொடாதவன். கடியபட்டணம் முழுக்கச் சொல்லும். கடியபட்டணம் சொல்வதை யார் கேட்கிறார்கள்?

குளோரி போலீசில் புகார் கொடுத்தாள். கிருஷ்ணமணி சிரித்தார்.

அந்த வருஷம் திருவனந்தபுரத்தில் சட்டசபைக் குழு ஒன்று வைத்தியர்களுக்காக ஒரு சட்டம் யோசித்துக்கொண்டிருந்தது. பாஷாண மருந்து கொடுக்கத் தெரிந்தவர்கள் யார் யார் என்று சங்கத்துக்கு எழுதிக் கேட்டிருந்தது. சிலுவைதாசன் சாவுக்கு முன்பே சங்கமும் பதில் எழுதிவிட்டதாம். அதில் முதல் பெயரே அவருடையதாம். பெயர் போயாகிவிட்டது, இனி சங்கம்தான் விசாரிக்கும், போலீஸ் தொட முடியாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

"அந்தக் காகிதத்தக் காட்டுங்க" என்றாள் குளோரி.

"மனுப் போடு."

மனுப் போட்டாள். சங்க ரகசியம் என்றார்கள். மறுபடியும் போட்டாள். ஸ்டாம்பு குறைவு என்றார்கள். செயலாளர் ஊரில் இல்லை என்றார்கள். செயலாளர் உள்ளே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஆள் வைத்து எழுதி, நேரே சட்டசபைக் குழுவுக்கே மனுப் போட்டாள். சங்கத்துக்கும் உங்களுக்கும் நடந்த கடிதமெல்லாம் நகல் வேண்டும் என்று.

போன வாரம் பதில் வந்தது. சங்கத்துக்கும் அதில் ஒரு பிரதி வந்தது.

'எங்கள் கடிதம் கோப்பில் உள்ளது. சங்கத்தின் பதில் காணப்படவில்லை. அலுவலகப் பிரதி இருந்தால் மனுதாரருக்கு நகல் வழங்கும்படி சங்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.'

கிருஷ்ணமணிக்கு அந்தக் கடிதத்துக்கு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

இல்லாத பதிலுக்குப் பிரதி செய்து தரச் சொல்லி, அவரையே அல்லவா கேட்டிருக்கிறார்கள்!

* * *

சப் இன்ஸ்பெக்டர் ஞானதாசன் உள்ளே வந்தார். பின்னால் ஏட்டு யேசுரத்தினம். அதற்கும் பின்னால் மூச்சிரைக்கக் குளோரி.

"மாரடைப்பு" என்றார் கிருஷ்ணமணி மறுபடியும்.

ஞானதாசன் குனிந்து மேஜையைப் பார்த்தார்.

தம்ளரிலிருந்து சுக்குக் காப்பி சிந்தியிருந்தது. கருப்பட்டி போட்ட காப்பி. எறும்பு வந்திருந்தது.

வந்த எறும்பு ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை!

"எறும்புக்கும் மாரடைப்பா வைத்தியரே?"

கிருஷ்ணமணி நேரியலால் முகத்தைத் துடைத்தார்.

ஞானதாசன் கைக்குட்டையால் தம்ளரைத் தூக்கித் திருப்பினார். விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது. நம் ஊரில் தம்ளரும் சருவமும் களவு போகாமலிருக்கப் பெயர் வெட்டி வைப்பது வழக்கம். அந்த வழக்கம் இப்படி ஒருநாள் கழுத்தில் வந்து விழும் என்று வைத்தியர் நினைத்திருக்க மாட்டார்.

"கி-ரு-ஷ்-ண-ம-ணி" என்று எழுத்துக் கூட்டினார் யேசுரத்தினம்.

"ஒரு காப்பி குடுத்தது குத்தமாவே? பாவம், சாயங்காலம் அஞ்சு மணி வர இருந்து எழுதினாரேன்னு வீட்டுலேருந்து கொண்டு வந்து குடுத்தேன்."

"இதுக்கு முன்ன எப்பம் குடுத்தீரு?"

முப்பத்தொரு வருஷத்தில் அய்யம்பெருமாளுக்குச் சங்கம் கொடுத்த முதல் காப்பி அதுதான்.

"அதுல என்ன கலந்தீரு?"

"சுக்கு, மல்லி, கருப்பட்டி. மேசையில பாஷாணக் குப்பி கெடக்கும். வைத்தியர் சங்கமில்லியா. கெழவன் கை தவறிப் போட்டிருப்பான். இல்ல, மனசு வெறுத்துப் போட்டிருப்பான். இவனக் கொல்ல எனக்கென்னவே காரணம்?"

ஞானதாசன் நெற்றியைச் சொறிந்தார். காரணம்... அதுதான் இடித்தது. செத்தவருக்கு நிலமில்லை, பகையில்லை, பேசுகிற பழக்கமே அதிகமில்லை.

கிருஷ்ணமணிக்குத் தெம்பு திரும்பியது. அலமாரியைத் திறந்தார். ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"இன்னா. இவ கேட்ட நகலு. சட்டசபைக்கு நாங்க எழுதின பதிலுக்க ஆபீஸ் பிரதி. இதப் படிச்சிட்டு எனக்க மேல உள்ள பழைய கேச மொதல்ல மூடும். மீன் விக்கிறவ மனுப் போட்டாளாம், சங்கம் பதில் சொல்லணுமாம். காலம் கெட்டுப் போச்சு."

குளோரியின் முகம் வெளுத்தது. அவள் ஆறு மாசமாகத் தேடிய காகிதம். அது உண்மையாக இருந்தால் வைத்தியர் எழுதியதுதான் செல்லும், சிலுவைதாசன் கள் குடித்துச் செத்தவன். அவ்வளவுதான். அவனுடைய பிள்ளைகள் கள்ளுக்குடியன் பிள்ளைகள்.

ஞானதாசன் வாசித்தார்.

"கனம் சட்டசபைக் குழுவுக்கு. பாஷாண மருந்து கொடுக்கத் தகுதியுள்ளவர்களில் முதலாவதாக வைத்திய ரத்னம், வைத்திய பூஷணம், வைத்திய சிரோமணி, வைத்திய திலகம் கிருஷ்ணமணி அவர்கள்..."

"அம்புட்டும் வாசிக்கணுமா சார்?" என்றார் யேசுரத்தினம்.

"சவத்துப் பட்டம், மூச்சு முட்டுது." ஞானதாசன் காகிதத்தைத் தாழ்த்தினார். குளோரியைப் பரிதாபமாகப் பார்த்தார். "குளோரி... உனக்க மாப்பிள சாவியதுக்கு நாலஞ்சு நாளு முந்தியே எழுதியிருக்காவ. எனக்கு ஒண்ணும் செய்ய முடியாது கேட்டியா?"

குளோரி அழவில்லை.

"தேதிய வாசியுங்க சார்."

"ஆடி இருபத்தெட்டு."

"வருசத்தோட வாசியுங்க."

"ஆடி இருபத்தெட்டு, ஆயிரத்து நூத்தி இருபத்தா..."

ஞானதாசன் நின்றார்.

மறுபடியும் பார்த்தார். அழகான கையெழுத்து. மை தடித்து, வட்ட வட்டமாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் எழுதியிருந்தது.

1126.

"எனக்கு எழுத்து தெரியாது சார்" என்றாள் குளோரி. "எண்ணு தெரியும். எனக்க மாப்பிள செத்தது மாதா திருநாளு கழிஞ்சு ரெண்டாம் நாளு. ஆவணி ஒண்ணு. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூத்தி இருபத்தாறு அன்னைக்குத்தான் பொறந்தது. இங்க ஊரெல்லாம் வருசப் பொறப்பு, எனக்க வீட்டுல ஒப்பாரி. அந்த வருசத்துக்கு ஆடி எப்பம் வரும் சார்?"

"கடேசி மாசம்" என்றார் யேசுரத்தினம். விரல் விட்டு எண்ணினார். "இப்பம் மாசி. பங்குனி, சித்திர, வைகாசி, ஆனி, ஆடி... சார்! இன்னும் அஞ்சு மாசம் கெடக்கு!"

இன்னும் பிறக்காத ஒரு நாளில் எழுதி, ஆறு மாசத்துக்கு முன்னாலேயே சட்டசபைக்கு அனுப்பிய கடிதம்!

கிருஷ்ணமணி காகிதத்தைப் பிடுங்கினார். கண்ணுக்கு மிக அருகில் கொண்டு போனார். அந்தக் காகிதத்தை அவர் வாசிப்பது இதுதான் முதல் தடவை. கீழே அவருடைய கையெழுத்து இருந்தது. நாலு பட்டம் உள்ள மனிதர் கையெழுத்துத்தான் போடுவார், வாசிக்கிற வேலையெல்லாம் குமாஸ்தாவுக்கு.

"படுபாவி..." பிணத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "கண்ணு தெரியாத கெழவன்! நான் இருபத்தஞ்சுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேவே! ஆயிரத்து நூத்தி இருபத்தஞ்சு, ஆடி இருபத்தெட்டுன்னு நேத்து மத்தியானம் ரெண்டு தடவ சொன்ன..."

நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.



"நேத்து மத்தியானமா?" ஞானதாசன் மிக மெதுவாகக் கேட்டார். "போன ஆடியில எழுதின காகிதத்துக்கு, நேத்து மத்தியானம் தேதி சொன்னீரா வைத்தியரே?"

"அது... பிரதி... பிரதிக்கு..."

"ஏட்டு, வாசல்ல நில்லும்."

யேசுரத்தினம் ஏற்கெனவே நின்றிருந்தார்.

"குளோரி, தேதியக் கேக்கணும்னு உனக்கு யாரு சொன்னது?"

குளோரி பிணத்தைப் பார்த்தாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"நேத்து மூணு மணிக்கு வந்தேன் சார். இவிய வாசலுக்கு வந்து காதோட சொன்னாவ. 'மகளே, நாளைக்கு ஒரு காகிதம் தருவாவ. உள்ள உள்ள விஷயத்த நம்பாத. தேதிய மட்டும் வருசத்தோட வாசிக்கச் சொல்லு. முப்பத்தொரு வருசத்துல நான் தேதி பிழச்சதில்ல'ன்னு. எனக்கு அப்பம் மனசிலாகல்ல. உள்ளேயிருந்து வைத்தியரு பாத்துட்டு நின்னாரு."

பார்த்ததுதான் வினை. குமாஸ்தா வாயைத் திறந்துவிட்டான் என்று பயந்தார் கிருஷ்ணமணி. இரண்டு மணி நேரத்தில் காப்பி வந்தது. குடித்து விழுந்தவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, காலையில் தம்ளரை எடுக்க வந்தார். பன்னிரண்டாவது தடவையாகக் குளோரியும் வந்து சேர்ந்தாள்.

மறுத்துப் பேசத் தைரியமில்லாத கிழவர் அய்யம்பெருமாள். எழுதச் சொன்னதை எழுதினார். ஒரே ஒரு எண்ணை மட்டும் தன் இஷ்டத்துக்கு எழுதினார். அந்த ஆபீசில் யாரும் எதையும் வாசிக்க மாட்டார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"காரணம் கெடச்சாச்சு" என்றார் ஞானதாசன். "ரெண்டு சாவுக்கும் சேத்து ஒரே காகிதம். நடவும் வைத்தியரே."

விலங்கு பூட்டும்போது கிருஷ்ணமணியின் மோதிரங்கள் இடித்தன. அப்போதும் திமிர் போகவில்லை.

"எனக்கு சட்டம் தெரியும்! நான் வக்கீலப் பாக்கணும். அந்தக் காகிதத்துக்கு எனக்கு ஒரு நகலு வேணும். இப்பமே வேணும்!"

ஞானதாசன் குளோரியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டவ நீ. காகிதம் உனக்குள்ளது. குடுக்கலாமா?"

குளோரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கீழே கிடந்த கடவத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"குடுக்கலாம் சார். மனுப் போடச் சொல்லுங்க. ஸ்டாம்பு கொறையாம ஒட்டி... ஆடி இருபத்தெட்டாம் தேதி வந்து வாங்கிட்டுப் போவட்டும்!"