நாலங்குலக் குழாய்

வயர் இன்னும் கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் ஸ்பீக்கர் பெட்டியின் குழாய் வாயில் கிடந்த மரத்தூள் ஒருமுறை வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது.

தயாபரன் பசைப் போத்தலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். கார்த்திகை மழை காலையிலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்தது. விறாந்தையில் ஈரப் பலகையின் மணமும் பசையின் புளித்த நெடியும் கலந்து நின்றன. வெள்ளம் நின்ற வயலிலிருந்து தவளைகளின் சத்தம் ஓயாமல் வந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் கொடியில் போட்டிருந்த அம்மாவின் சேலை அசையவேயில்லை.

மரத்தூள் திரும்பவும் வெளியே வந்தது. பிறகு உள்ளே போனது.

அவன் வான் வைத்திருந்தான். பரந்தன் சுற்றுவட்டாரத்தில் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. இப்போதெல்லாம் இளசுகள் வானுக்கு பிரேக் இருக்கிறதா என்று கேட்பதில்லை. வூஃபர் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். நெஞ்சு அதிராவிட்டால் அவர்களுக்குப் பயணம் போன மாதிரியே இல்லை. கடைப் பெட்டி கட்டுப்படியாகாது என்று யூடியூபைப் பார்த்துத் தானே ஒன்றைச் செய்ய இறங்கிவிட்டான். பத்தங்குல ஸ்பீக்கர். ஒன்றரை அடி ஆழத்தில் தடித்த பிளைவூட் பெட்டி. மூலைக்கு மூலை பசை பூசி, ஆணி முறுக்கி, ஊசி முனை அளவுக்கும் காற்றுக் கசியாமல் அடைத்தாயிற்று. முகப்பில் ஒரு வட்டம் வெட்டி, கிணற்று மோட்டருக்கு வாங்கி மிஞ்சிய இரண்டங்குலக் குழாயில் ஒரு துண்டை அதற்குள் செருகியிருந்தான்.

அம்மா கமலாட்சி தேத்தண்ணியோடு வந்து நின்றாள்.

"முழுக்க அடைச்சுப்போட்டு ஏன் தம்பி ஓட்டை வைக்கிறாய்?"

"காத்துப் போய்வரத்தான் அம்மா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அம்மா குழாயைப் பார்த்தாள். தேத்தண்ணியைக் கதிரையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

அந்த வீட்டில் பேசாத கதை ஒன்றே ஒன்றுதான். போரின் கடைசி மாதங்களில், கடற்கரை மணலில் அவர்கள் வெட்டிய பங்கருக்கும் இப்படியொரு குழாய் இருந்தது. மூச்சு முட்டாமலிருக்க அப்பா தோட்டத்துப் பைப்பில் ஒரு துண்டை மேலால் இறக்கியிருந்தார். அடுத்த கிழமை அப்பா செல்லடியில் செத்துப்போனார். அதற்குப் பிறகு ஒருநாள், அம்மாவும் அவனும் வெளியே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் விழுந்து வெடித்த செல்லில் பங்கர் சரிந்தது. உள்ளே தங்கச்சி பிரஷாந்தினி. ஏழு வயது. மணலுக்கு மேலே குழாய் மட்டும் நின்றது.

அதன் வழியே அவள் கதைத்தாள். "அண்ணா, நிக்கிறியா?"

"நிக்கிறன்."

அள்ள அள்ள மணல் சரிந்துகொண்டேயிருந்தது. தாகம் என்று அவள் சொல்ல, அம்மா செம்பால் குழாய்க்குள் தண்ணீர் வார்த்தாள். உள்ளே அவள் குடிக்கும் சத்தம் கேட்டது. இரண்டங்குலக் குழாய். தண்ணீர் போகும், குரல் வரும், கை மட்டும் போகாது. பிறகு செல் அடுத்தடுத்து விழ, சனம் எல்லாம் எழும்பி ஓடியது. அம்மா அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவர்கள் ஓடும்போதும் குழாய் கேட்டுக்கொண்டுதானிருந்தது: "அண்ணா, நிக்கிறியா?"

அவனுக்கு அது கேட்டது. அம்மாவுக்குக் கேட்டதா என்று இன்றுவரை அவன் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

மறுநாள் பெட்டிக்கு வயர் கொடுத்துப் பாட்டைப் போட்டான். அதிர்வு வந்தது. ஆனால் அதோடு சேர்ந்து குழாய் வாயில் ஒரு மூச்சும் வந்தது. நெஞ்சு அடைத்த பிள்ளை இழுக்கிற மாதிரி. பாட்டை நிறுத்தினான். மூச்சு உடனே நிற்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, மெல்ல மெல்லத்தான் அடங்கியது.

பெட்டியை வானில் ஏற்றிக்கொண்டு பரந்தன் சந்திக்குப் போனான். அங்கே வான்களுக்கு சவுண்ட் பூட்டும் சாருஜன் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"அண்ணை, உங்கட பெட்டிக்கு மூச்சு முட்டுது. பத்திஞ்சு ஸ்பீக்கருக்கு இந்தப் பைப் காணுமே? நாலிஞ்சு போடுங்கோ. பைப் பெருத்தா நீளமும் கூட்டோணும். ஆனா பின்பலகையில முட்ட விடாதேங்கோ."

"பாட்டை நிப்பாட்டின பிறகும் மூச்சு வருது."

"அதெப்பிடி அண்ணை வரும்?" சாருஜன் அவன் முகத்தைப் பார்த்தான். "நித்திரை காணாது போல. வீட்ட போய்ப் படுங்கோ."

திரும்பும் வழி முழுவதும் வானின் பின்பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான். பயமாக இருந்தது. பெட்டியை ஏதாவது வாய்க்காலில் தள்ளிவிட்டுப் போய்விடலாம். ஆனால் சாருஜன் விளையாட்டாகச் சொன்ன சொல் மனதை விட்டுப் போகவில்லை. மூச்சு முட்டுகிற ஒன்றை இன்னொருமுறை விட்டுவிட்டுப் போக அவனால் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பழைய குழாயைப் பிடுங்கினான். பென்சிலால் நாலங்குல வட்டம் கீறி, பலகை அரியும் சின்ன வாளால் அரிந்தான். அரிந்த தூள் ஒன்றும் நிலத்தில் விழவில்லை. அத்தனையும் உள்ளே போனது.

அம்மா கதவடியில் நின்றாள். "எவ்வளவு பெரிசு?"

"நாலிஞ்சு."

அவள் தன் வலது கை விரல்களைக் கூட்டிக் குவித்தாள். மெலிந்த கை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனும் பார்த்தான். அது ஏன் என்று யோசிக்க அவனுக்கு மனமில்லை.

அடுத்த நாள், புதுக் குழாயின் பசை காயட்டும் என்று பெட்டியை விறாந்தையில் விட்டுவிட்டு, கனகராயன்குளத்துச் சாமத்தியவீட்டுக்கு வான் ஓட்டம் போனான். திரும்பி வரும்போது பொழுது மங்கிவிட்டது. மழை இன்னும் விட்டபாடில்லை. வீட்டில் லைட் போடவில்லை. அம்மா இருட்டுவதற்கு முன்பே லைட் போடுகிறவள்.

முற்றத்திலேயே அந்தச் சத்தம் கேட்டது. மழையில்லை. தண்ணீர் வார்க்கும் சத்தம்.

அம்மா பெட்டியின் முன்னால் நிலத்தில் இருந்தாள். பக்கத்தில் குடம், இரண்டு வாளி, சோறு வடிக்கும் பெரிய பானை. ஏறக்குறைய எல்லாம் வெறுமை. கடைசி வாளியில் அடித்தண்ணீரைச் செம்பால் மொண்டு குழாய்க்குள் சரித்துக்கொண்டிருந்தாள்.

நிலம் காய்ந்து கிடந்தது. பெட்டியின் அடிப்பலகை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

உள்ளே யாரோ குடித்தார்கள்.

"அம்மா, என்ன செய்யிறியள்?"

"தாகமாம் தம்பி." அம்மா திரும்பவில்லை. "எவ்வளவு காலமாத் தாகம், பாவம்."

"எழும்புங்கோ அம்மா. உள்ள போவம்."

"கை போகுதடா." அவள் குரல் நடுங்கியது. சந்தோசத்தில். "இப்ப கை போகுது."

அவள் விரல்களைக் குவித்தாள். குழாய்க்குள் விட்டாள். மணிக்கட்டு. முழங்கை. அவள் முகம் மலர்ந்தது. பதின்மூன்று வயதுக்குப் பிறகு அவன் காணாத முகம். அவனுக்கு அழுகை வந்தது.

"பிடிச்சிட்டாள்," என்றாள் அம்மா.

இன்னும் உள்ளே போனது. கமக்கட்டு வரை. கன்னம் பலகையோடு ஒட்டிக்கொண்டது.

பெட்டியின் ஆழம் ஒன்றரை அடி. அவனே அளந்தது. அவனே வெட்டியது.

அம்மாவின் கை அதைவிட நீளம்.

தயாபரன் பாய்ந்து அவளது மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடித்தான். இழுத்தான். அன்றைக்கு அவள் இழுத்த மாதிரியே. அந்தப் பக்கத்திலிருந்தும் இழுத்தது.

"விடு தம்பி," என்றாள் அம்மா, ஆறுதலாக. "இண்டைக்கு நான் ஓடமாட்டன்."

எலும்பு நெரிந்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது குழாய் வாயில், அம்மாவின் கைக்கும் பைப்புக்கும் நடுவிலிருந்த மெல்லிய இடைவெளியால், அந்தக் குரல் வந்தது. மணல் அப்பிய குரல். ஏழு வயது.

"அண்ணா, நிக்கிறியா?"

ஓடவேண்டும். அம்மாவை இழுக்கவேண்டும். பெட்டியை உடைக்கவேண்டும். வாய் முந்திக்கொண்டது.

"நிக்கிறன்."

"இது காணாது அண்ணா. இன்னும் கொஞ்சம் பெரிசா வெட்டு."

அம்மாவின் தோள் மெல்ல உள்ளே இறங்கத் தொடங்கியது. நாலங்குலம். தோள் போகாது. நோகும். அம்மாவுக்கு நோகக்கூடாது.

தயாபரன் அவள் மணிக்கட்டை விட்டான். பெட்டியின் மேல் கிடந்த பென்சிலை எடுத்தான். அம்மாவின் தோளைச் சுற்றி, தலையையும் சேர்த்து, இன்னொரு வட்டம் கீறினான்.