மூச்சு விடும் பாறை

“சூறாவளி வந்தா நாங்க வரமாட்டோம்” என்றாள் அக்கா.

“வரவே மாட்டோம்” என்றாள் தங்கை.

இரட்டையர் இருவரும் ஒரே முடிவுக்கு வருவது அபூர்வம். வந்துவிட்டால் அசைக்க முடியாது. கொசு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கொசு என்பது பட்டப்பெயர். பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் போதும், காதுக்குள் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாள். நண்பர்களின் கதை விளையாட்டை நடத்துகிறவளும் அவள்தான். ஓர் உலகத்தை அவள் சொல்லுவாள். மற்ற மூவரும் அதில் வீரர்களாக அலைவார்கள். ஒவ்வொரு இடத்திலும் என்ன செய்வதென்று முடிவெடுத்து, இருபது முகம் கொண்ட டைஸை உருட்டுவார்கள். எண் பெரிதாக விழுந்தால் நினைத்தது நடக்கும். அதைப் பார்த்து என்ன நடந்தது என்று கொசு சொல்லுவாள்.

சூறாவளி என்பதும் பட்டப்பெயர்தான். அந்தப் பையனுக்கு முடிவெடுக்க நேரமே ஆகாது. “வெட்டுறேன்!” என்பான். பூதத்தை வெட்டுவான். பூட்டை வெட்டுவான். போன கதையில் ஆற்றங்கரைப் படகுக்காரரையும் வெட்டிவிட்டான்.

“துடுப்பு போடுற ஆளை வெட்டிட்டா அக்கரைக்கு எப்படிப் போறது?” என்று அக்கா பொரிந்து தள்ளினாள்.

“நான் பாட்டுக்கு அவர்கிட்ட ஆத்துல முதலை இருக்கான்னு கேட்டுட்டிருந்தேன்” என்றாள் தங்கை சோகமாக.

“புதுசா ஒரு கதை தயார் பண்றேன். பல வாரம் ஓடுற பெரிய கதை” என்று கொசு கெஞ்சினாள். “முதல் நாள் மட்டும் வாங்க. பிடிக்கலைன்னா எழுந்து போயிடுங்க.”

இரட்டையர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “ஒரே ஒரு நாள்தான்.”

அன்று சாயங்காலமே கொசு வேலையைத் தொடங்கினாள். முதலில் சூறாவளியை ஒரே வாயில் விழுங்கும் நூறு தலை மிருகம் ஒன்றைப் படைத்தாள். பிறகு, விழுங்கப்பட்டதும் அவன் முகம் எப்படிச் சுருங்கும் என்று நினைத்துப் பார்த்தாள். காகிதத்தைக் கசக்கி எறிந்தாள்.

அடுத்து, வாளே இல்லாத ஊர் ஒன்றை எழுதினாள். அங்கே அவன் என்ன செய்வான்? கொட்டாவிதான் விடுவான். அதுவும் கசங்கியது.

மறுநாள் பள்ளி விடுமுறை. அம்மா சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். கப்பல்களைப் பழுது பார்க்கும் இடத்தில், கப்பலின் அடிப்பாகத்தைச் சுத்தம் செய்து வண்ணம் பூசுவது அவர் வேலை. டப்பாவோடு போன கொசுவை வாசலில் காவலர் நிறுத்தி, ஒரு தலைக்கவசத்தை மாட்டிவிட்டார். அது மூக்குவரை இறங்கியது.

“படியைப் பார்த்து இறங்கு” என்று வாசலுக்கு வந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

இரும்புப் படிகள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. ஒரு தெருவையே உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிய பள்ளம். கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடி, கடல் தண்ணீரை வெளியே இறைத்துவிடுவார்களாம். தரையை அடைந்ததும் கொசு தலைக்கவசத்தைத் தூக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

வானத்தைக் காணவில்லை. கப்பல்தான் இருந்தது.

தண்ணீரில் மிதக்கும்போது யாருமே பார்க்காத பாதி அது. ஒரு சிவப்பு மலை, வயிற்றைக் காட்டிக்கொண்டு கட்டைகளின் மேல் அமைதியாக உட்கார்ந்திருந்தது. அதன் மேலெல்லாம் சின்னச் சின்னச் சிப்பிகள் அப்பிக்கொண்டிருந்தன. வெகு உயரத்தில் ஒருவர் அவற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். எறும்பு அளவுதான் தெரிந்தார்.

கொசு மெதுவாகக் கையை நீட்டித் தொட்டாள். சில்லென்றிருந்தது. கையை எடுக்கவே இல்லை.

“என்னடி, சத்தத்தையே காணோம்? உடம்பு சரியில்லையா?” என்றார் அம்மா.

“அம்மா... இதுக்கு உயிர் இருந்தா எப்படி இருக்கும்?” என்று கொசு கிசுகிசுத்தாள்.

“எனக்கு வேலை இன்னும் ஜாஸ்தியாயிடும். கூச்சத்துல நெளியும்ல?”

கொசு சிரிக்கவில்லை. டப்பாவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். நான்கு பெரிய தாள்களை ஒட்டினாள். கறுப்பு மை தீரும்வரை வரைந்தாள்.

விளையாட்டு நாள் வந்தது. மேஜைமேல் பழுப்புப் போர்வை விரித்திருந்தது. அதுதான் கடற்கரை. இரட்டையரின் வீரர்கள் இரண்டு பொத்தான்கள். சூறாவளியின் வீரன் ஒரு பேனா மூடி. இரட்டையர் சூறாவளியை விட்டு நாற்காலியைத் தள்ளியே போட்டு உட்கார்ந்தார்கள்.

“கரையில ஒரு கறுப்புப் பாறை. உச்சி தெரியல, மேகத்துக்குள்ள இருக்கு” என்று கொசு தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள். “பாறை பூரா சிப்பி ஒட்டியிருக்கு. எங்கேயோ காத்து வந்து வந்து போற சத்தம் கேக்குது.”

“வெட்டுறேன்!” என்று டைஸை உருட்டினான் சூறாவளி. இருபது விழுந்தது. “ஹை!”

அக்கா எழுந்தே விட்டாள்.

“வாள் பட்டதும் ஒரு சிப்பி பெயர்ந்து விழுது” என்றாள் கொசு. “பாறை ஒரு பெருமூச்சு விடுது.”

“பாறை எப்படி மூச்சு விடும்?”

“அது பாறை இல்ல.”

கொசு போர்வையை உருவினாள். மேஜை முழுக்க, ஓரத்தில் மடிந்து தொங்கும் அளவுக்கு, ஒரே ஒரு மூடிய கண். இமை நெடுகச் சிப்பிகள். அதன் முன்னால் அவர்களுடைய பொத்தான்களையும் பேனா மூடியையும் எடுத்து வைத்தாள். கடுகு போல இருந்தன.

அக்கா மெல்ல உட்கார்ந்தாள்.

“கண்ணே இவ்வளவு பெருசுன்னா...” என்று அண்ணாந்து பார்த்தாள்.

“சிப்பி ஒட்டியிருக்கறதால திறக்க முடியலையா?” என்று தங்கை கேட்டாள். “வலிக்குமே, பாவம்!”

சூறாவளி தன் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். “என் வாளால சுரண்டலாமா?” அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி அவர்கள் கேட்டதே இல்லை.

“சுரண்டலாம். ஆனா இமையில காயம் படக்கூடாது. பெரிய எண் விழுந்தா வாள் அழுந்திடும். சின்ன எண்தான் விழணும்.”

அவன் டைஸை உள்ளங்கையில் பொத்தி, குழந்தையைப் படுக்க வைப்பது போல மேஜைமேல் விட்டான். மூன்று. தங்கை கைதட்டினாள். அடுத்து ஐந்து. “சிப்பியை அள்ளிக் கடல்ல போடுறேன்” என்றாள் அக்கா. தங்கை, “இன்னும் கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கோ” என்று இமைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சிப்பியும் விழுந்தது. கொசு இமை வரைந்திருந்த தாளைத் தூக்கினாள். அடியில் இன்னொரு தாளில், பச்சையும் பொன்னுமாய், திறந்த கண்.

“கண்ணு உங்களைப் பாக்குது. என்ன செய்யறீங்க?”

எல்லோரும் சூறாவளியைத் திரும்பிப் பார்த்தார்கள். டைஸ் அவன் கையில்தான் இருந்தது. அதை அவன் மேஜை ஓரத்தில் வைத்தான்.

“ஒண்ணும் செய்யல” என்றான். “சும்மா பாத்துக்கிட்டே நிக்குறேன்.”

இரட்டையர் தங்கள் பொத்தான்களை நகர்த்தி, அவனுடைய பேனா மூடிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.