வாத்து முட்டையும் கரண்டித் தட்டும்

பட்டாணி எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் அடைகாக்கும் பெட்டியின் முன் போய் உட்கார்ந்தாள். உள்ளே வாத்து முட்டைகள் இருந்தன. பெட்டியைச் செய்தது அம்மா. சின்னச் சின்னக் கருவிகளுக்குக் கணினி நிரல் எழுதுவதுதான் அம்மாவின் வேலை.

"அம்மா! சுவர்க் கடிகாரத்துல மணி ஏழு. பெட்டிக் கடிகாரத்துல ஆறுதான் ஆகுது!"

அம்மாவின் முகம் வாடியது. நேரம் தவறினால், பெட்டி முட்டைகளைத் திருப்புவதும் தவறும். திருப்பாமல் கிடந்தால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

"முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? உள்ளே இருக்கற கடிகாரச் சிப் பழுதாயிருக்கும். புதுசு வர ஒரு வாரமாகும்."

"ஒரு வாரமா? கையால திருப்பிவிடப் பகல்ல வீட்டுல யாருமே இருக்க மாட்டோமே!" பட்டாணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அந்தக் கடிகாரம் என்னதாம்மா செய்யும்?"

"நொடிக்கு ஆயிரம் தடவை தட்டும். தட்டும்போதெல்லாம், நிரலுக்குள்ள எல்லா வேலையையும் மேய்க்கற கெர்னல்னு ஒரு மேஸ்திரி எட்டிப் பார்ப்பார். எண்ணிக்கையில ஒண்ணு கூட்டுவார். முட்டையைத் திருப்பற ஆள் மாதிரி, வேலை வரவரைக்கும் தூங்கறவங்கள்ல யாருக்கு நேரம் வந்திருக்கோ, அவங்களை எழுப்பிவிடுவார். அவசர வேலைக்கு முதல் இடம். அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா? நானே மேஸ்திரி!"

பட்டாணி ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். சுவர்க் கடிகாரம் 'டிக்' என்றால், இவள் 'டங்' என்று தட்டி எண்ணினாள்.

"முப்பது! அப்பா, ஆம்லெட்டைத் திருப்புங்க! அறுபதுல எடுக்கணும்."

"உத்தரவு, மேஸ்திரி!"

"நாற்பது! தம்பி, ஷூ போடு!"

தம்பி ஷூ நாடாவோடு மல்லுக்கட்டினான். பட்டாணிக்குப் பாவமாக இருந்தது. கரண்டியை வைத்துவிட்டு, குனிந்து நாடாவைக் கட்டிவிட்டாள். அவன் அடுத்த காலையும் நீட்டினான். அதையும் கட்டிவிட்டு மறுபடி கரண்டியை எடுத்தாள்.

"நாற்பத்தொண்ணு! நாற்பத்திரண்டு!"

அடுப்பிலிருந்து புகை கிளம்பியது.

"அப்பா! ஏன் எடுக்கலை?"

"நீ அறுபது சொல்லவே இல்லையே! மேஸ்திரி சொல்லாம நான் கை வைக்கலாமா?" என்றார் அப்பா, அப்பாவி போல.

எல்லாரும் சிரித்தார்கள். பட்டாணி மட்டும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடிகாரம் பாட்டுக்குத் தட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. நாடா கட்டினப்ப நான்தான் எண்ணாம விட்டுட்டேன். அம்மா, உன் மேஸ்திரியும் யாருக்காவது நாடா கட்டிக்கிட்டு இருக்காரோ?"

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "வாத்துப் படம்!"

பெட்டியின் திரையில் ஒரு வாத்து ஆடி ஆடி நடக்க வேண்டுமென்று முந்தாநாள் பட்டாணிதான் ஆசைப்பட்டுக் கேட்டிருந்தாள்.

"அவசரத்துல, படம் வரையற வேலையையும் மேஸ்திரி தலையிலேயே கட்டிட்டேன். அவர் வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள எத்தனை தட்டை எண்ணாம விட்டிருப்பாரோ!"

"அப்போ எனக்குப் படமே வேண்டாம்மா. குஞ்சு நல்லா இருந்தா போதும்."

"படமும் இருக்கட்டும்டி. அதுக்குத் தனியா ஒரு ஆளைப் போட்டுடறேன். வேற யாருக்கும் வேலை இல்லாதப்ப அவர் வரையட்டும்."

அம்மா நிரலை மாற்றி, பெட்டிக் கடிகாரத்தையும் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தார். அன்று சாயங்காலம் இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டின. பட்டாணி நிம்மதியாகத் தூங்கினாள்.

சில நாள் கழித்து ஒரு முட்டையில் விரிசல் விழுந்தது. சின்ன அலகு ஒன்று எட்டிப் பார்த்தது. "கீச்!"

நாலு பேரும் தலையோடு தலை இடிக்கக் குனிந்தார்கள். திரையில் வாத்துப் படம் கொஞ்சம் தாமதமாக ஆடி ஆடி வந்தது. அதை யாரும் பார்க்கவே இல்லை.