மூடியின் மேல் சந்தனம்

ஏழாவது நிமிடத்தில் இன்ஜின் மறுபடியும் திணறியது.

கார்பரேட்டரைக் கழற்றிப் பார்த்தாயிற்று, பிளக் மாற்றியாயிற்று, பெட்ரோல் குழாயை ஊதியாயிற்று. நரசிம்மன் தன் கையால் செய்த அந்தச் சின்ன விமானம், வடக்குப்பட்டு ஷெட்டின் தகரக் கூரை அதிர ஏழு நிமிடம் உறுமும். பிறகு குரல்வளையைப் பிடித்தாற்போல் அடங்கும்.

ஓட்டுபவரின் கண்ணாடிக்கு நேர் முன்னால் இருந்த பெட்ரோல் டேங்கின் மூடியை, புதிதாய் வேலைக்கு வந்த மெக்கானிக் சத்யப்பிரியா திருகினாள். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. தண்ணீருக்கடியில் வெகுநேரம் கிடந்தவன் மேலே வந்து இழுக்கும் மூச்சு.

மூடியில் காற்று போக ஒரு துளை உண்டு. அதை அடைத்துச் சந்தனப் பொட்டு. ஈரம் காயவில்லை. நடுவில் கட்டைவிரல் ரேகை. அதைக் குறுக்கே வெட்டிய தழும்பு.

"எவன் சார் இதுல பொட்டு வெச்சது? காத்து போகலன்னா பெட்ரோல் எப்படி எறங்கும்?"

நரசிம்மன் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். "வல்லக்கோட்டைக் கோயில் சந்தனம். முன்ன இங்க மெக்கானிக்கா இருந்த தசரதன்தாம்மா வெப்பான். தழும்பும் அவன்துதான்."

"கூப்பிடுங்க அந்தாள."

"போன வருஷம் இதே பிளேனோட செம்பரம்பாக்கம் ஏரில வுழுந்துட்டான். பிளேனைத்தான் இழுத்தாந்தோம். அவன் கெடைக்கவே இல்ல."

அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. வீட்டிலேயே முதல் பட்டதாரி. காலேஜிலும் இப்படித்தான் துரத்தப் பார்த்தார்கள். "படிச்ச பொண்ணை வெரட்டப் பேய்க்கதையா? வேற ஆளப் பாருங்க."

பெட்ரோல் துணியால் பொட்டைத் துடைத்தாள். துளையில் ஊசி விட்டுச் சுத்தம் செய்தாள். இன்ஜின் இருபது நிமிடம் பிசகாமல் ஓடியது.

பழுது பார்த்தவரே முதலில் ஏற வேண்டும். அது ஷெட்டின் சட்டம்.

"இன்னிக்கு வோணாம்மா," என்றார் நரசிம்மன்.

"பொம்பளைன்னா மட்டும் சட்டம் மாறிடுமா சார்?"

என்.சி.சி.யில் விமானம் ஓட்டிப் பழகிய கை. மூடியை இன்னொரு முறை தடவிப் பார்த்துவிட்டு ஏறினாள். சுத்தம்.

கீழே வயல்கள் சுருங்கின. சாயங்கால வெயிலில் ஏரி தகடாய் மின்னியது. பெட்ரோல் வாடையோடு சேற்று வாடையும், அதற்குள் மெல்ல மெல்லச் சந்தன வாசனையும் கசிந்து வந்து தொண்டையில் ஒட்டின.

ஆறு நிமிடம்.

திரும்ப வேண்டும். திருப்பினாள். கீழே தண்ணீர் மட்டும்.

ஏழு.

இன்ஜின் திணறியது. அடங்கியது. காற்றின் சத்தம் மட்டும்.

கண்ணாடிக்கு வெளியே மூடியைப் பார்த்தாள்.

சந்தனம். ஈரமாக.

இம்முறை ரேகை தெரியவில்லை. நீரில் ஊறி வெளுத்த கட்டைவிரல் அதை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.