துறைமுகத் தண்ணீர்

இறால்கள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

தொட்டியின் விளக்கு வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறுகிற நேரத்தில் அவை எப்போதும் பாறைப் பொந்தின் வாசலில்தான் நிற்கும். சிவந்த முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடும் உடம்பைவிட நீளமான மீசையுமாக, கடையைத் திறந்து வைத்துவிட்டு ஆள் வருவதற்குக் காத்திருக்கும் சலூன்காரர்களைப் போல. இன்று அவை வலது மூலையில், பாறையோ பவளமோ எதுவுமே இல்லாத வெறும் தண்ணீரின் நடுவில் இருந்தன. நீந்தவில்லை. எதன் மேலோ கால் ஊன்றி நின்றுகொண்டு, எதையோ கொத்திக் கொத்தி வாயில் வைத்துக்கொண்டிருந்தன.

ரென்ஸ்கெ காபிக் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டுக் கிட்டே போனாள். மோட்டாரின் சன்னமான முனகல், தண்ணீர் வழிந்து அடித்தொட்டியில் விழும் சலசலப்பு, உப்பும் பாசியும் கலந்த அந்தப் பழகிய வாசனை. எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து பார்த்தாள். இறால்களுக்குக் கீழே எதுவுமில்லை.

தொட்டி அவளுடையது இல்லை. அவள் கணவன் யொரிட்டின் செல்லம் அது. யொரிட் தன் அண்ணன் ஹெஸ்ஸலின் இறால் படகில் வேலை பார்த்தான். வலை வலையாக இறாலை அள்ளிக் கொதிநீரில் கொட்டுவது பிழைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவித் துடைத்துத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு, மீன்களின் உடம்பு அழுக்கைக் கொத்தித் தின்று வாழும் இந்த இரண்டு இறால்களிடம் நகக்கண்ணைச் சுத்தம் செய்துகொள்வது பொழுதுபோக்கு. "ஊர் இறாலையெல்லாம் கொல்லுறவன் வீட்டு இறாலுக்குக் கை நீட்டிட்டு உக்காந்திருக்கான் பாரு" என்று ரென்ஸ்கெ கிண்டல் செய்வாள். "பாவத்தைக் கழுவுறேன்டி" என்பான். அவள் கையை விட்டால் மட்டும் இரண்டும் பொந்துக்குள் ஓடிவிடும். ஒருமுறைகூட அவளிடம் வந்ததில்லை.

அக்டோபரில் ஒரு விடியலில் படகு அவன் இல்லாமல் திரும்பி வந்தது. ஹெலிகாப்டர் தேடியது, ஊர்ப் படகுகளெல்லாம் தேடின. கடல் அவனைத் திருப்பித் தரவில்லை. உடல் இல்லாததால் அடக்கம் இல்லை, கல்லறையில் பெயர் இல்லை, அழுவதற்கென்று ஓர் இடம்கூட இல்லை. செத்துவிட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. டிசம்பர் முதல் வாரம் சின்ட் நிக்கலாஸ் பண்டிகையன்று கடைக்குப் போனவள், பழக்க தோஷத்தில் அவன் பெயரின் முதல் எழுத்தில் செய்த சாக்லேட்டையும் வாங்கி வந்துவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அதற்கு மறுநாள்தான் முதல்முறையாகத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றக் கிளம்பினாள். தண்ணீர் கலங்கி மஞ்சளாகியிருந்தது. விரல் விரலாக விரிந்து நிற்கும் தோல் பவளம் சூம்பிக் கிடந்தது. அதையும் சாகவிட மனசு கேட்கவில்லை. மற்றவர்கள் உப்புத்தூள் வாங்கிக் கரைப்பார்கள். யொரிட் வாங்கமாட்டான். "கடல் வாசல்லயே கிடக்கு. உப்பை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?" என்று, கடல் ஏற்றம் முழுசாக ஏறி நிற்கும்போது படகுத்துறைப் படியில் இறங்கிக் கேனில் பிடித்து வருவான், சில நாள் பீப்பாயில் தெளியவிட்டு, சூடேற்றி ஊற்றுவான். ரென்ஸ்கெயும் அதே படியில் இறங்கினாள், அதே கேனில் பிடித்தாள், தெளிகிறவரை காத்திருந்து ஊற்றினாள். அவனை விழுங்கிய கடல்தான். அதை அவள் நினைக்காமல் இல்லை.

ஊற்றிய அன்று மாலைதான் இறால்கள் இடம் மாறின.

மறுநாளும் அதே மூலை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒரு இறால் ஒரே பாதையில் போய் வந்தது. கொஞ்ச தூரம் நேராக, பிறகு ஒரு சின்ன வளைவு, அந்த வளைவின் ஓரத்தில் நின்று நெடுநேரம் நுணுக்கமான வேலை. பிறகு திரும்பி வந்து பக்கத்தில் இன்னொரு நேர்கோடு, இன்னொரு வளைவு. எங்கேயோ பார்த்த வேலை இது என்று தோன்றியது. பத்து வருஷம் தினமும் சோபாவிலிருந்து பார்த்த வேலை.

நகக்கண்.

அவளுக்கு முதுகு சில்லிட்டது. அதற்கடுத்த நொடியே, வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால், சந்தோஷமாக இருந்தது. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "யொரிட்" என்றாள்.

இரண்டாவது முறை தண்ணீர் மாற்றியபோது மற்ற விரல்களும் வந்தன. இறால்கள் இப்போது விரல்களுக்கு இடையே இறங்கி ஏறின. உள்ளங்கையின் பள்ளத்தில் படுத்துப் புரண்டன. அவை போய் வரும் தூரத்தை வைத்துப் பார்த்தால் கை பெரிதாகத் தெரிந்தது. தண்ணீரில் ஊறினால் எதுவும் உப்பத்தான் செய்யும் என்று சமாதானம் செய்துகொண்டாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது: கடல் அவனை மொத்தமாகத் தரப்போவதில்லை. கேன் கேனாக எடுத்து வரவேண்டியதுதான்.

அதன்பிறகு அவள் தெளியவிடக்கூடக் காத்திருக்கவில்லை.

ஹெஸ்ஸல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். தம்பி போனதிலிருந்து அவன் முகத்தில் சதை இல்லை. அவள் காபி கொடுத்து, ஊர் வழக்கப்படி டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுக்கவிட்டு மூடினாள். அவன் வாசல் நடையில் வரிசை கட்டி நின்ற கேன்களைப் பார்த்தான். அவள் கையில் காப்புக் காய்த்துக் கிடப்பதைப் பார்த்தான். கடைசியாகத் தொட்டியைப் பார்த்தான்.

"என்னம்மா, எல்லாப் பவளமும் இப்படிச் சுருண்டு கெடக்கு?"

"தண்ணி புதுசு. பழகிடும்."

"சுருண்டது மட்டுமில்ல ரென்ஸ். எல்லாம் இடது பக்கமா சாஞ்சிருக்கு. எதையோ பாத்துப் பயந்த மாதிரி." அவன் எழுந்து கிட்டே போனான். "அதென்ன, இறால் ரெண்டும் அங்க தொங்குது?"

"வெளையாடுது."

"நாப்பது வருஷமா இறால் பிடிக்கிறேன். இறால் வெளையாடி நான் பாத்ததில்ல." அவன் வலது மூலைக்குப் பக்கத்தில் போய் நின்றவன், என்னவோ தோன்றிச் சட்டென்று ஓரடி பின்வாங்கினான். பிறகு தாழ்ந்த குரலில், "வண்டியில ஒரு வாளி உப்பு வெச்சிருக்கேன். இனிமே அதக் கரைச்சு ஊத்து. துறையில தண்ணி பிடிக்காத. பனி உறைஞ்ச படி, நீ வழுக்கி விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"எனக்கு அந்தத் தண்ணிதான் வேணும்."

"ஏன்?"

அவள் அவன் கோப்பையில் மறுபடி காபி ஊற்றினாள். ஹெஸ்ஸல் திரும்பி வந்து கோப்பையின் முன் உட்கார்ந்தான். "திரும்பிப் பாத்தேன், காணோம். அவ்வளவுதான். வலைய இழுத்துட்டு இருந்தவனக் காணோம்" என்றான். இதை அவன் வரும்போதெல்லாம் சொல்வான். அவள் அவன் தோளைத் தொட்டாள். அவன் போன பிறகு உப்பு வாளியைத் திறக்காமல் மாடிப்படிக்குக் கீழே தள்ளிவைத்தாள்.

மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது. தோள்பட்டையின் உருண்டையில் இறால்கள் வழுக்கி வழுக்கி ஏறின. ஒவ்வொரு முறையும் பத்து கேன் எடுத்துவிட்டுப் பத்து கேன் ஊற்றினாலும் தண்ணீர் விளிம்புக்கு மேல் தளும்பியது. உள்ளே ஏதோ இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அவள் துணி போட்டுத் துடைத்தாள். சுருண்ட பவளங்கள் கரைந்து வெண்சளி போலத் தொங்க ஆரம்பித்தன; யொரிட் கண்ணுக்குள் வைத்துக் காத்த பவளங்கள். அவளுக்கு அது உறைக்கவில்லை. வீட்டில் ஒரு வாசனை ஏறியது. பாசி வாசனை இல்லை. படகின் அடித்தளத்தில் நெடுநாள் தேங்கிய தண்ணீரின் வாசனை. ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தும் கண்ணாடி வலது பக்கம் மட்டும் பனித்துக் கிடந்தது.

அவள் சோபாவிலேயே தூங்கினாள், சோபாவிலேயே சாப்பிட்டாள். அவனிடம் எல்லாவற்றையும் பேசினாள். கிளம்பின அன்று காலை சண்டை போட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். அது என்ன பெரிய சண்டை, சேற்றுச் செருப்போடு உள்ளே வந்தான் என்று. இந்தப் பெண்ணை யார்தான் குறை சொல்ல முடியும்? நெஞ்சு வெந்து கிடப்பவளிடம் போய், கிடைத்த கையை விடு என்றால் விடுவாளா?

கிறிஸ்துமஸ் கழிந்த ஒரு மதியம். வானம் சாம்பலாகத் தொங்கியது. தெருவிளக்குகள் அப்போதே எரியத் தொடங்கிவிட்டன. அவள் கடைசிக் கேனை ஊற்றினாள். இறால்கள் தோளிலிருந்து கழுத்தில் ஏறின. கழுத்திலிருந்து தாடையில். தாடையின் ஓரமாகவே நடந்து, ஓரிடத்தில் நின்றன. ஒன்று மெதுவாக உள்ளே இறங்கியது. மற்றது மேலே வளைந்து ஏறி, ஒரு குழியைச் சுற்றி வந்தது.

முகம்.

ரென்ஸ்கெ சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையைத் தொட்டிக்குள் விட்டாள். இதுவரை அவள் தொட்டுப் பார்த்ததில்லை. தொட்டால் எதுவும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். இப்போது விட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு ஓரிடத்தில் வெதுவெதுப்பு நின்றது. அங்கே விரல்கள் இருந்தன. அவை அவள் விரல்களுக்கு இடையே வந்து கோத்துக்கொண்டன.

அவள் அழுதாள். "வீட்டுக்கு வந்துட்டேடா" என்றாள். "உன்ன நல்லபடியா அடக்கம் பண்ணிடறேன்."

மேஜை மேல் ஃபோன் அடித்தது. அவள் இடது கையால் எட்டி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ரென்ஸ்." ஹெஸ்ஸலின் குரல் உடைந்திருந்தது. "உக்காந்திருக்கியா? உக்காரு. கெடச்சுட்டான்மா."

"தெரியும்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

"தெரியுமா? யார் சொன்னா? நான் இப்பதான் பாத்துட்டு வெளிய வந்தேன். போர்கும் தீவு. ஜெர்மன்காரங்க பக்கம். சின்ட் நிக்கலாஸுக்கு முந்தின வாரமே கரை ஒதுங்கியிருக்கான். யாருன்னு தெரியாம குளிரறையில வெச்சிருந்திருக்காங்க. மோதிரத்துக்கு உள்பக்கம் உன் பேரு. அவன்தான் ரென்ஸ். எல்லாம் இருக்கு. முழுசா இருக்கான்."

அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றது.

"நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடலாம்மா. கல்லு வைக்கலாம். நீ போய் உக்காந்து அழலாம்." ஹெஸ்ஸல் விம்மினான். "கேக்குதா?"

சின்ட் நிக்கலாஸுக்கு முந்தின வாரம். அவள் முதல் கேனைப் பிடித்தது பண்டிகைக்கு மறுநாள். அப்போது அந்தக் கடலில் அவன் இல்லை. எங்கேயோ ஓர் அறையில், வெள்ளைத் துணிக்கு அடியில், முழுசாக.

அப்படியென்றால்.

அவள் விரல்களைத் தளர்த்தினாள். எதிர்விரல்கள் தளரவில்லை.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் இழுக்காமல் இருந்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு ஒரு கை. யாருடையதாக இருந்தால்தான் என்ன என்று அந்த ஏழை மனசு நினைத்தது. பிறகு இழுத்தாள். கால் வைத்து உதைத்து இழுத்தாள். பிடி இறுகியது. எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுகியது.

தண்ணீர் இறங்கியது.

விளிம்பு வரை தளும்பி நின்ற தண்ணீர், சத்தமில்லாமல், விரற்கடை விரற்கடையாகக் கீழே போனது. அவள் கை மேலே போனது. அவளாக உயர்த்தவில்லை. தொட்டியை விட்டு வெளியே வந்த கை, எதையோ பிடித்தபடி, தலைக்கு மேல் உயர்ந்தது. மரத்தரையில் சொட்டு விழுந்தது. தொட்டிக்கு இந்தப் பக்கம். ஒரு சொட்டு. பிறகு கனமாக, ஈரமாக, ஒரு காலடி. அதன் பக்கத்தில் இன்னொன்று.

"ரென்ஸ்? லைன்ல இருக்கியா? எதாவது பேசும்மா."

அவள் வாயைத் திறந்தாள். யாரை, என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இத்தனை நாளாக அதை யொரிட் என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

தண்ணீர் பாதிக்கு இறங்கிய தொட்டியில் கரைந்த பவளங்கள் பாறையோடு ஒட்டிக் கிடந்தன. இறால்கள் அங்கே இல்லை. ரென்ஸ்கெயின் நெற்றிக்கு மேலே, அறையின் உலர்ந்த காற்றில், அவை இரண்டும் அருகருகே தொங்கிக்கொண்டிருந்தன; மெல்ல அவள் முகத்தை நோக்கிக் குனிந்து வந்தபடி, அவசரமே இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயின் பல்லிடுக்குகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தன.