சமத்துப் பிள்ளை

தூளி கட்டியிருந்த சேலையைப் போலீசார் போன வாரமே அவிழ்த்து எடுத்துப் போய்விட்டார்கள். ஆனாலும் பின்னறை உத்தரத்துக் கொக்கி, ஏதோ பாரம் தாங்குவதுபோல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

முன்னறையில் ஏசுதாசன் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். பல்லாவரத்தில் பொழுது சாயும் நேரம், கரண்ட் போயிருந்தது. தோல் பதனிடும் ஷெட்டுப் பக்கமிருந்து வாடை வீச, தாழப் பறந்த விமானத்தின் இரைச்சலும் அதன் பின்னாலேயே தடதடத்துப் போன தாம்பரம் வண்டியின் ஓசையும் தேய்ந்து மறைந்த பிறகும், உள்ளேயிருந்து வந்த அந்தச் சத்தம் மட்டும் ஓயவில்லை.

மனைவி ரத்தினபாயை மனநோய் வார்டில் சேர்த்திருந்தார்கள். பிள்ளை பெற்றதிலிருந்தே அவள் சுவரையே வெறித்துக்கொண்டிருந்தாள். "இத்த என் கண்ணுல காட்டாத. இது என்னுது இல்ல" என்று ஒருநாள் சொன்னாள். "எல்லாம் சரியாப் பூடும்" என்றுவிட்டு, மறைமலை நகர் பாக்டரி ஷிப்டுக்குக் கிளம்பிப் போனான் அவன்.

இன்று மத்தியானம், குழந்தையைப் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சபீஹா அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"உடம்புல காயம் ஒண்ணும் இல்ல. வயித்துல பால் இல்ல. தோலுக்கடியில கொழுப்பே கரைஞ்சு போயிருக்கு. இது ஒரு நாள்ல ஆகுறதில்ல. நீங்களும் அதே வீட்லதானே இருந்தீங்க?"

"அழுகையே கேக்கல மேடம். சமத்துப் புள்ளன்னு நெனச்சிக்கினேன்."

"அழறதுக்கும் தெம்பு வேணும். கடைசில வாயை மட்டும் திறந்து மூடும்."

கிறீச்.

எலியாக இருக்கும். காற்றாக இருக்கும். ஜன்னல் சாத்தியிருந்ததே என்று நினைவு வந்தது. மெழுகுவர்த்தியைக் கொளுத்திக்கொண்டு பின்னறைக் கதவைத் தள்ளினான். புளித்த பாலின் நெடி முகத்தில் அடித்தது.

"யாரு?"

சுடர் அணைந்தது.

கையை நீட்டித் துழாவினான். துணி தட்டுப்பட்டது. ஈரத் துணி. மேலிருந்து தொங்கியது.

வெளியே கரண்ட் வந்தது. ஜன்னல் இடுக்கில் தெருவிளக்கின் வெளிச்சம் கோடாக விழுந்தது.

துணியை விலக்கினான்.

பிஞ்சு உடம்பு. கிழவனின் முகம். வாய் திறந்தது. மூடியது. திறந்தது. சத்தமே இல்லை.

அவன் கை தானாக நீண்டது. ஈறுகள் சுண்டுவிரலைக் கவ்வின. ஐஸ்போலச் சில்லிட்டிருந்தன. இழுத்தான். வரவில்லை.

அது சப்பத் தொடங்கியது.

தூளி கொஞ்சம் தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம். கன்னங்கள் உப்பின. கண்கள் அவனையே பார்த்தன.

அவனுடைய மணிக்கட்டில் எலும்பு துருத்தியது. தோல் சுருங்கியது.

கல்யாண மோதிரம் தன்னால் கழன்று, தரையில் விழுந்து உருண்டது.

அலற வாயைத் திறந்தான். மூடினான். திறந்தான்.